டே கேர் கட்டணம் மறுபடியும் ஏறுகிறது: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நித்திலம் (சோழிங்கநல்லூர்)

வணக்கம். மகளுக்கு ஒன்றேகால் வயது, மகனுக்கு நாலரை. மகள் காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை டே கேரில் இருக்கிறாள். மகன் எல்கேஜி முடிந்து மதியம் அதே இடத்துக்கு வேனில் வந்துவிடுவான். போன வருடம் அவளுக்கு 11,000, இவனுக்கு 6,000 கட்டினோம். ஜூன் முதல் 13,500, 7,500 என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்திருக்கிறது. ஆக மாதம் 21,000. ஆறரைக்கு மேல் போனால் ஒவ்வொரு அரை மணிக்கும் 150. மதியச் சாப்பாடு தனி. வருடத்துக்கு ஒரு முறை அட்மிஷன் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் ஒரு தொகை.

எனக்குக் கைக்கு வருவது 46,000, அவருக்கு 58,000. வாடகை 22,000. ஊரிலிருந்து யாராவது வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: என் அம்மா இல்லை. அத்தை அருப்புக்கோட்டையில் பக்கவாதம் வந்த மாமாவைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அவரை இங்கே கூப்பிடுவது நியாயமே இல்லை.

இடத்தை மாற்ற எனக்கு மனமில்லை. மகள் அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டாள். காலையில் ஆயாம்மாவைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து அவரிடம் தாவுகிறாள். அந்த நிம்மதிக்கு என்ன விலை வைப்பது? ஆனாலும் பணம் பணம்தான். எதில் குறைக்கலாம், எதில் குறைக்கவே கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பெருங்குடி அப்பா

சகோதரி, கட்டணத்தை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். மாதம் 26 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 260 மணி நேரம். 13,500 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு 52 ரூபாய் வரும். சனிக்கிழமை உங்கள் இருவருக்கும் விடுமுறை என்றால் 22 நாள்தான். அப்போது மணிக்கு 61 ரூபாய் ஆகிவிடுகிறது, அதாவது பயன்படுத்தாத நாளுக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். நாங்கள் இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய்த்தான் பேசினோம். ஐந்து நாள் கட்டணம் என்று ஒன்று அவர்களிடமே இருந்தது, கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்தில் என்றால் இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை கேட்பதும் சகஜம்தான்.

மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனால் முழு வருடப் பணத்தை மட்டும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு சென்டர் பாதி வருடத்தில் மூடிவிட்டது. பணம் கட்டிய குடும்பங்கள் பல மாதம் அலைந்தும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

இன்னொன்று வரி. நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், ப்ளே ஸ்கூல், நர்சரி டியூஷன் ஃபீஸை 80சி என்று நாம் பழகிய 1.5 லட்ச வரிக் கழிவு வரம்புக்குள் காட்டலாம், இரண்டு பிள்ளைகள் வரை. டே கேர் பராமரிப்புக் கட்டணம், வேன், சாப்பாடு எல்லாம் அதில் வராது. மகனின் எல்கேஜி கட்டண ரசீதில் டியூஷன் தொகையைத் தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். புதிய வரி முறைக்கு மாறியிருந்தால் இதில் பயனில்லை.


மேடவாக்கம் மிஸ்

நான் ஒரு டே கேர் நடத்துகிறேன். சோழிங்கநல்லூர்காரர்களை எனக்குத் தெரியாது, அதனால் அவர்களுக்காகப் பேசவில்லை. கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதை மட்டும் என் நோட்டிலிருந்தே சொல்கிறேன்.

கீழ்த்தளத் தனி வீடு, வாடகை 45,000. பொறுப்பு டீச்சர் ஒருவருக்கு 20,000. மூன்று ஆயாக்கள், ஆளுக்கு 13,000, மொத்தம் 39,000. சமையலுக்கு ஒரு அம்மா, 11,000. கரண்ட் வணிக டாரிஃபில் வருகிறது. கோடையில் ஏசி ஓடினால் 8,000 தாண்டும். 2022-ல் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி ஏறியது. பால், காய்கறி, பழம், சாயங்காலச் சுண்டல் எல்லாம் சேர்ந்து 18,000. சுத்தம் செய்யும் பொருள், கேமரா, முதலுதவி, உடைந்த பொம்மை என்று 7,000. கூட்டினால் 1,48,000. பதினெட்டுப் பிள்ளைகள் இருந்து சராசரியாக 9,500 வந்தால் 1,71,000. நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் போய், பதிமூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள். அப்போது வருவது 1,23,500. அந்த மாதமும் ஆயாக்களுக்குச் சம்பளம் உண்டு, வீட்டு ஓனருக்கு வாடகை உண்டு.

கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் நான் கை வைக்கக்கூடிய இடம் ஒன்றுதான், ஆயா. வாடகையைக் குறைக்க முடியாது, பாலில் தண்ணீர் ஊற்ற மாட்டேன். அதனால் ஒரு இடம் மற்றதைவிட மூவாயிரம் குறைவு என்றால், ஒரு ஆயா எத்தனை குழந்தையைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட கிரச் (குழந்தைகள் காப்பகம்) வழிகாட்டுதலில் மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒருவர் என்று இருக்கிறது. பத்துக் கைக்குழந்தைகளை ஒரு பெண் பார்ப்பதை நேரில் கற்பனை செய்து பாருங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் என்னிடம் ஒரு ஆளுக்கு மூன்று, ஒன்றரை இரண்டு வயதில் ஐந்து. உங்கள் மகளுக்குக் கட்டணம் அதிகமாகவும் மகனுக்குக் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

லேட் ஃபீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் ஆயா ஒருவர் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். ஏழு மணி பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோவில்தான் போக வேண்டும். அவருக்கும் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். லேட் ஃபீஸ் முழுவதையும் அவர் கையில் கொடுக்கிறேன். நீங்கள் கட்டுகிற 150 யாரிடம் போகிறது என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.


கொன்றை

எங்கள் அப்பார்ட்மெண்டில் வேறு வழி கண்டுபிடித்தோம். நாலாவது மாடியில் ஒரு அக்கா, அவருடைய இரண்டு பிள்ளைகளும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். மூன்று குடும்பங்கள் சேர்ந்து மூன்று குழந்தைகளை அவரிடம் விடுகிறோம். குடும்பத்துக்கு 7,000, அவருக்கு 21,000. சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து கொடுத்துவிடுவோம். நல்லது என்றால், குழந்தைக்குச் சளி பிடித்தால் டே கேர் திருப்பி அனுப்பும், இவர் கஷாயம் வைத்துக் கொடுத்து நமக்குப் போன் செய்வார்.

கஷ்டமும் உண்டு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று வீட்டிலும் லீவு போட வேண்டும். அதற்கு முறை வைத்துக்கொண்டோம், அன்றைக்கு யார் முறையோ அவர் வீட்டிலிருந்து வேலை செய்து மூன்று குழந்தைகளையும் பார்ப்பார். வருடத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், குழந்தை வராத நாளுக்குப் பிடித்தம் கிடையாது என்று முதலிலேயே பேசிவிட்டோம். அக்கா என்று கூப்பிடுகிறோம் என்பதற்காக அவர் வேலையை உதவியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.


தாமிரபரணி

நித்திலம், யாரும் சொல்லத் தயங்குவதை நான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 21,000 டே கேர், சாப்பாடு, லேட் ஃபீஸ், ஆபீஸ் போய்வரும் செலவு எல்லாம் போனால் உங்கள் 46,000-ல் கையில் நிற்பது பதினெட்டோ இருபதோதான். அதற்காக இரண்டு பிள்ளைகளையும் பத்து மணி நேரம் பிரிந்திருக்க வேண்டுமா? நான் முதல் பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டேன். செலவு குறைந்தது, பிள்ளை என் கண் முன்னால் வளர்ந்தான். எனக்கு அதில் இன்றைக்கும் முழுத் திருப்தி.


நித்திலம்

தாமிரபரணி அக்கா, நீங்கள் அக்கறையில் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் முடிவு உங்களுக்குச் சரியாக வந்தது குறித்துச் சந்தோஷம். ஆனால் டே கேர் கட்டணத்தை ஏன் என் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்க வேண்டும்? பிள்ளைகள் இருவருக்கும்தானே. மொத்த வருமானம் 1,04,000, அதில் 21,000 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அதிகம்தான். ஆனால் அம்மா வேலைக்குப் போவதற்கான கட்டணம் என்று அதற்குப் பெயர் வைப்பதை நான் ஏற்கவில்லை.

கைக்கு வராத கணக்கும் இருக்கிறது. மாதாமாதம் என் பிஎஃப்பில் நானும் கம்பெனியும் போடுகிறோம். மருத்துவக் காப்பீட்டில் அத்தையும் மாமாவும் இருப்பது என் கம்பெனி வழியாகத்தான். நாலு வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் இதே சம்பளத்தில் சேர முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். என் டீமில் அப்படி வந்தவர்கள் தங்களைவிட வயதில் சின்னவர்களுக்குக் கீழே சேர்ந்திருக்கிறார்கள். இந்தப் பணக் கஷ்டம் மகள் பள்ளிக்குப் போகும் வரை, இன்னும் சில வருடம். வேலை இருபத்தைந்து வருடம்.


தாமிரபரணி

பிஎஃப், காப்பீடு எல்லாம் நான் யோசிக்காத கோணம். ஊரில் சொந்த வீடு இருந்ததால் எனக்கு முடிந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். வாடகை கட்டுகிறவர்களுக்கு ஒரே சம்பளத்தில் சென்னை கடினம்தான்.


கோவை எச்ஆர்

யாரும் இதுவரை கம்பெனியைப் பற்றிப் பேசவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் 26 வார விடுப்புக்காக எல்லோருக்கும் தெரியும். அதே திருத்தத்தில் 11ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கிரச் வசதி செய்ய வேண்டும். ஐம்பது பெண்கள் என்று இல்லை, ஆணும் பெண்ணும் சேர்த்து 50 ஊழியர்கள். குழந்தையின் அம்மா ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதே பெண்களிடம் இந்த வசதியைப் பற்றி எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. உங்கள் ஆஃபர் லெட்டரோடு அப்படி ஏதாவது வந்ததா?

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது அந்த விதி அதன் 67-வது பிரிவில் இருக்கிறது. 50 என்ற எண்ணும் நாலு முறை என்பதும் அப்படியே தொடர்கின்றன. அதில் கூடுதலாக ஒன்று உண்டு, சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் இருப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்: பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவான ஒரு கிரச் நடத்தலாம், அல்லது அரசு, உள்ளாட்சி, தனியார் நடத்தும் கிரச்சைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே ஐடி பார்க்கில் ஏழு மாடிகளில் ஏழு கம்பெனிகள் இருந்தால், தரைத்தளத்தில் ஒரு கிரச் போதும்.

கட்டணத்தை யார் கட்டுவது என்பதைத்தான் சட்டம் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டது. அதனால் சில இடங்களில் வெளியில் உள்ள டே கேரோடு ஒப்பந்தம் போட்டு, பத்து சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்து, கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில் பாதித் தொகையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. காரணம், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பாத பெண்களின் இடத்துக்கு ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க ஆகும் செலவு அதைவிட அதிகம் என்று நிர்வாகத்துக்குப் புரிந்துவிட்டது. நீங்களும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். கருணை காட்டுங்கள் என்று கேட்க வேண்டியதில்லை.


பனிமலை (வால்பாறை)

இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி 50 பெண் தொழிலாளர்களோ இருபது பிள்ளைகளோ இருந்தால் எஸ்டேட்டே கிரச் நடத்த வேண்டியிருந்தது. நானும் தம்பியும் அப்படி ஒன்றில்தான் வளர்ந்தோம். தூளிகள் வரிசையாகத் தொங்கும், பால் கொடுக்க அம்மா நடுவில் வந்துபோவார். வசதி எல்லாம் சுமார்தான், கட்டடம் ஒழுகும். ஆனால் அதற்காக அம்மாவின் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கொழுந்து பறிப்பவருக்கு அன்றைக்கே கிடைத்தது கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவருக்கு இன்றைக்கும் இல்லை என்றால், கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அன்றைக்கு யூனியன் இருந்தது.


வெள்ளிக்கிழமை (அங்கன்வாடிப் பணியாளர், செங்கல்பட்டு மாவட்டம்)

உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது என்பதை இங்கே யாருமே எழுதவில்லையே என்று வருத்தமாக இருந்தது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயது முடிந்த பிள்ளைகள் வரலாம். மதியம் சூடான சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை, பாட்டு, விளையாட்டு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு ஞாபகப்படுத்துவது எல்லாம் உண்டு. ஒரு ரூபாய் கட்டணம் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து வராமல் இருக்கிறார்கள். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம்.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். நாலு மணிக்குள் மூடிவிடுவோம். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். அதிலும் உதவியாளர் இல்லாத மையங்கள் உண்டு. பதிவேடு, செல்போன் செயலியில் விவரம் ஏற்றுவது, வீடு பார்க்கப் போவது எல்லாம் எங்கள் தலையில். ஆறரை மணி வரை ஒரு பிள்ளையை வைத்திருக்க எங்களால் இப்போது முடியாது.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது வேறு. தனியார் வேலையில் இருக்கும் அம்மாவுக்கு விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். மாநில அரசு வேலை என்றால் 2021 ஜூலை முதல் ஒரு வருடம். அங்கன்வாடியில் பிள்ளை வந்து உட்காருவது இரண்டு வயதில். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் நாங்கள் சத்துமாவு கொடுக்கிறோம், எடை பார்க்கிறோம், ஆனால் பகலில் பிள்ளையை வைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு ஆள் அதிகம் தேவைப்படும் வயதும் அதுதான். மிஸ் சொன்னது போல மூன்று முதல் ஐந்து பிள்ளைக்கு ஒருவர் வேண்டிய வயது. அந்த ஒன்றரை வருடத்தை அரசும் பார்க்கவில்லை, கம்பெனியும் பார்க்கவில்லை. அதனால்தான் அங்கே கட்டணம் இப்படி ஏறுகிறது.

வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசு தேசியக் கிரச் திட்டத்தை 2022-ல் பால்னா என்று மாற்றி, அங்கன்வாடியோடு சேர்ந்த கிரச் என்று கொண்டுவந்தது. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-ல் கொடுத்த அறிக்கைதான் 1975-ல் அங்கன்வாடிகளை நடத்தும் ஐசிடிஎஸ் திட்டம் வருவதற்கு முக்கியமான அடித்தளங்களில் ஒன்று என்று எங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் சென்னையில் இருந்துகொண்டு கடைசி வரை வேலைக்குப் போகும் அம்மாக்களின் கைக்குழந்தைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர். ஓஎம்ஆர் போல வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் அங்கன்வாடியோடு கிரச் கேட்டு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். கூடுதல் ஆளும் சரியான சம்பளமும் கொடுத்தால் எங்களாலும் ஆறரை வரை பார்க்க முடியும். எங்களுக்குக் கொடுப்பது மதிப்பூதியம்தான், அரசு ஊழியர் சம்பளம் கிடையாது என்பதையும் அந்த மனுவில் ஒரு வரி எழுதுங்கள் அம்மா.


மேடவாக்கம் மிஸ்

மேலே எழுதியிருக்கும் அங்கன்வாடி அம்மாவுக்கு என் வணக்கம். என் பிழைப்புக்குப் போட்டி என்று யாராவது நினைக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வாசலுக்கு வந்து கட்டணம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற அம்மாக்கள் எத்தனையோ பேர். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கடையில் நிற்பவர்கள். அவர்களுக்கு 9,500 என்பது முழுச் சம்பளம். அந்தப் பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்தால் மனசு ஆறாது. பல வீடுகளில் எட்டு வயது அக்காதான் பார்க்கிறாள், பள்ளிக்குப் போகாமல்.


ஆவாரம்பூ

எனக்கு 63 வயது. நான் பாட்டி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் மதுரையிலிருந்து பள்ளிக்கரணை வந்தேன். பேரன் என்றால் உயிர். ஆனால் பாட்டி வந்தால் செலவு இல்லை என்று எல்லோரும் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு முழங்கால் தேய்மானம். அவனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய பிறகு பிசியோதெரபி ஆரம்பித்தேன், அதற்கும் காசுதான். மதுரையில் அவர் தனியாக மெஸ் சாப்பாடு சாப்பிடுகிறார், சர்க்கரை ஏறியிருக்கிறது. எனக்குப் பேச ஆள் இல்லாத நாட்கள் இருக்கின்றன.

மருமகள் இதைப் புரிந்துகொண்டாள். இப்போது பேரன் காலையில் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பக்கத்து ப்ளே ஸ்கூலுக்குப் போகிறான், அரை நாள் கட்டணம் 4,500. மதியம் தூங்கி எழுந்த பிறகு என்னோடு. காலையில் நான் கோவிலுக்குப் போகிறேன், மருந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மகன் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறான், நான் மதுரை போய்விட்டு வருகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இந்த மாதிரி பாதிப் பாதியாக யோசியுங்கள். முழு நாளையும் அவர்கள் மேல் வைக்காதீர்கள்.

நித்திலம், உங்கள் அத்தையைக் கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்களே, நல்ல பெண்ணம்மா நீங்கள்.


ஸ்கார்பரோ சின்னம்மா

நான் கனடாவில் டொரொண்டோ பக்கம் இருக்கிறேன். இங்கே எங்கட ஆட்களும் இதே கதையைத்தான் பல வருசம் பட்டவை. மூத்தவனுக்கு டே கேருக்கு மாதம் 1,700 டொலர் கட்டினோம், வீட்டு வாடகையை விடக் கூட. என்ர அம்மா பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வந்து பார்த்தவா. 2021 பட்ஜெட்டில் மத்திய அரசு நாளுக்குப் பத்து டொலர் என்ற இலக்கோடு ஐந்து வருசத்துக்கு முப்பது பில்லியன் அளவில் ஒதுக்கினது. ஒன்டாரியோ 2022 மார்ச்சில் கடைசியாகச் சேர்ந்தது. இப்ப இந்தத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க ஏலாது. இளையவளுக்குக் கட்டினது முந்தியதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஆனால் இடம் கிடைக்கிறது பெரிய பாடு. வயிற்றில் இருக்கும்போதே காத்திருப்போர் பட்டியலில் பேர் கொடுக்க வேணும். கட்டணத்தைக் குறைத்த அளவுக்கு வேலை செய்ய ஆட்களைச் சேர்க்கவில்லை, ஆசிரியைமார் சம்பளம் காணாதென்று விட்டிட்டுப் போகினம். கியூபெக் 1997-ல் நாளுக்கு ஐந்து டொலரில் தொடங்கின மாகாணம், அங்கேயும் வரிசை இருக்கு. ஆகவே அங்கே நீங்கள் கேட்கும்போது காசை மட்டும் கேளாமல், அந்த அங்கன்வாடி அம்மா எழுதினது போல ஆட்களுக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கோ.


பெருங்குடி அப்பா

மறுபடி ஒன்று சொல்ல வந்தேன், அப்பாக்களுக்கு. எங்கள் வீட்டில் லேட் ஃபீஸ் மாதம் ஆயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு மாறினேன். மனைவி காலையில் விடுவாள், நான் நாலரைக்கு எடுத்துவிடுவேன். டே கேர் நேரம் பத்து மணியிலிருந்து எட்டுக்குக் குறைந்தது, அடுத்த கட்டணப் படிக்கு இறங்கினோம். மேனேஜரிடம் குழந்தையை எடுக்கப் போகிறேன் என்று காரணத்தை நேராகவே சொன்னேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது என் டீமில் இன்னும் இரண்டு பேர் அப்படி மாறியிருக்கிறார்கள். சாயங்காலம் பையனோடு பார்க்கில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, வேறு எப்போதும் கிடைக்காத நேரம் அது.


நித்திலம்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

டே கேரில் பேசினோம். சனிக்கிழமை இல்லாத கட்டணம் கேட்டோம், மகளுக்கு 12,000 ஆனது. மகனுக்குச் சகோதரச் சலுகையில் 6,500. மகளை ஒரு ஆயா எத்தனை குழந்தைகளோடு சேர்த்துப் பார்க்கிறார் என்று கேட்டேன், ஐந்து என்றார்கள், காட்டவும் செய்தார்கள். லேட் ஃபீஸ் ஆயாம்மாவுக்குப் போவதில்லை என்று தெரிந்தது. அதைப் பற்றி மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து பேசப் போகிறோம். என் கணவர் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்ப ஏற்பாடு செய்துகொண்டார்.

எங்கள் தெரு அங்கன்வாடிக்கு மகனோடு போனேன். சுத்தமாக இருந்தது, டீச்சர் அன்பாகப் பேசினார். எல்கேஜி வேனிலிருந்து அவனை அங்கே இறக்கி, நாலு மணிக்கு மறுபடி யாராவது அழைத்துவர வேண்டும் என்பதால் இந்த வருடம் முடியவில்லை. மகளுக்கு இரண்டு வயது முடியும்போது அரை நாளாவது அனுப்ப நினைத்திருக்கிறேன்.

கம்பெனியில்தான் பெரிய விஷயம். ஆஃபர் லெட்டரில் கிரச் பற்றி எதுவும் இல்லை. எங்கள் மாடியில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் எல்லோரையும் கேட்டு ஒரு பட்டியல் போட்டோம். அப்பாக்களும் கையெழுத்துப் போட்டார்கள், எனக்கு அதுதான் பெரிய தெம்பு. கோவை எச்ஆர் அண்ணா, கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும்? பார்க்கில் மற்ற கம்பெனிக்காரர்களையும் சேர்க்க வேண்டுமா, அல்லது முதலில் எங்களுடையதை மட்டும் கொடுப்பதா?


கோவை எச்ஆர்

முதலில் உங்கள் கம்பெனிக்கு மட்டும் கொடுங்கள். மின்னஞ்சலாக எச்ஆர் தலைமைக்கு அனுப்பி, நிர்வாகத் துறைக்கும் ஒரு நகல் வையுங்கள். வாய்வார்த்தையாகப் பேச வேண்டாம், எழுத்தில் இருக்க வேண்டும். 67-வது பிரிவைக் குறிப்பிட்டு, மொத்த ஊழியர் எண்ணிக்கை, ஆறு வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், அதில் இரண்டு வயதுக்குக் கீழே எத்தனை என்று தனித்தனியாகப் போடுங்கள். தனிக் கிரச், பார்க்குக்குப் பொதுக் கிரச், வெளி டே கேர் கட்டணத்தில் பங்கு என்று மூன்றையும் எழுதி, எது அவர்களால் முடியும் என்று பதில் தேதி கேளுங்கள். யார் பெயரும் முதலில் தனியாகத் தெரியாதபடி கையெழுத்துகளை அகர வரிசையில் வையுங்கள்.

பதில் வந்ததும் பார்க் பராமரிப்பு அலுவலகத்தில் காலி இடம் பற்றி விசாரிக்கலாம். பொதுக் கிரச் என்றால் அப்போது மற்ற கம்பெனிகளின் எச்ஆரைச் சேர்ப்பது சுலபம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு எழுதலாம், அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று அப்போது சொல்கிறேன்.


கொன்றை

நித்திலம், உங்கள் கடிதத்தின் மாதிரியைப் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போட முடியுமா? எங்கள் ஆபீஸ் பெருங்குடியில், 200 பேருக்கு மேல் இருக்கிறோம். நாங்களும் கொடுக்கிறோம்.